மலாக்காவுக்குச் சரிவு போதாது

கிரேமோர் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர்களுக்கு நிர்வாகம் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுக்கும். புருஷனும் பெண்டாட்டியும் முப்பது வருடம் முடித்திருந்தால் வீட்டில் இரண்டு கடிகாரம். மாமியாரும் அதே வீட்டில் இருந்தால் மூன்று. மூன்றும் மூன்று நேரம் காட்டும். அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. தோட்டத்தில் ஆளை எழுப்புவது, விடிகாலைப் பெயர் வாசிப்புக்கு ஊதும் பெரட்டுச் சங்குதான். கடிகாரம் சுவரில் உள்ள ஈரக்கறையை மறைப்பதற்கு.

இந்த வருடம் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் பெரியவர் ஒருவர் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். தொழிலாளிக்குப் பொருள் கொடுப்பதெல்லாம் பழைய காலம், இப்போது உலகம் முழுக்க 'அனுபவம்'தான் கொடுக்கிறார்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து நாளில் சுற்றறிக்கை மலை ஏறி வந்தது.

'முப்பதாண்டு அயராச் சேவையைப் பூர்த்தி செய்யும் பணியாளர்களுக்கு இனி கடிகாரம் வழங்கப்படமாட்டாது. அதற்கு ஈடாக, வரலாற்றுச் சிறப்புமிக்க நகரமாம் மலாக்காவில் மூன்று பகலும் இரண்டு இரவும் தங்கும் நினைவை விட்டகலா அனுபவம் வழங்கப்படும். நகரின் எந்த வட்டாரத்தில் தங்குவது என்பதைப் பணியாளர்களே முழுச் சுதந்திரத்துடன் தேர்ந்தெடுக்கலாம்.'

இந்தக் கடைசி வரியில்தான் சனி உட்கார்ந்திருந்தது.

அந்த வருடம் முப்பது முடித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, மூன்றாம் டிவிஷனில் கொழுந்து எடுக்கும் நவமணி. இன்னொருவர், ஃபேக்டரியில் இலை வாட்டும் பக்கிரிசாமி. பக்கிரிசாமிக்கு எது கொடுத்தாலும் சரி. கடிகாரம் கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டிருப்பார். நவமணி அப்படியில்லை. சுற்றறிக்கையில் 'இரண்டு இரவும்' என்ற இடத்திலேயே அவள் காது நின்றுவிட்டது.

மலாக்காமேல் அவளுக்கு ஒரு மோகமும் இல்லை. கோட்டை, கப்பல், சிவப்புக் கட்டடம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. முப்பது வருடமாகக் காலை நாலரைக்கு எழுந்து, அடுப்புப் பற்றவைத்து, காய்கறி லோரி ஓட்டும் புருஷன் வேலப்பனுக்குத் தேத்தண்ணி, பிரிஞ்சாங் டவுன் ஹோட்டலில் வேலை பார்க்கும் மகள் ரூபினிக்குத் தேத்தண்ணி, அதற்கு முன்னால் மாமனாருக்கு, மாமியாருக்கு, வந்தவனுக்குப் போனவனுக்கு என்று தேத்தண்ணி போட்டே வந்திருக்கிறாள். பிறகு மலையேறிப் போய் அந்தத் தேயிலையையே வெட்டிக்கொண்டு வருவாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், தான் படுக்கையில் கிடக்க, வேறொருவர் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து, 'இந்தாங்க, எந்திரிங்க' என்று கையில் கொடுக்க வேண்டும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அன்று மகளிடம் மட்டும் கேட்டாள். "ஏன் ரூபினி, ஹோட்டல்ல தேத்தண்ணி ரூமுக்கே வருமா?"

"வரும்மா."

"ரூமுக்குன்னா, கதவு வரைக்குமா, படுக்கை வரைக்குமா?"

சுற்றறிக்கையோடு 'அனுபவ வழிகாட்டி' என்று ஒரு சின்னப் புத்தகமும் வந்திருந்தது. ரூபினி அதைப் புரட்டி, பதினோராம் விதியைப் படித்துக் காட்டினாள். 'காலை 6.30 மணிக்கு விருந்தினரின் படுக்கைக்கே தேநீர் கொண்டுவந்து தரப்படும்.' நவமணி அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

அடுத்தது வட்டாரம். எந்த வட்டாரத்தில் தங்குவது என்பது இந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடப் பெரிய காரியம். ரூபினி போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"முதல் தடவ போறவங்களுக்கு ஜோங்கர். ஜோடியா போறவங்களுக்கு ஆத்தோரம். குடும்பமா போனா பண்டா ஹிலிர். சாப்பாட்டுப் பிரியர்னா லிட்டில் இந்தியா."

"முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவங்களுக்கு?"

ரூபினி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அப்படி ஒண்ணும் போடலம்மா. ஜோங்கர்ல வைப் நல்லாருக்குமாம்."

"வைப்புன்னா?"

"அது போனாத்தான் தெரியும்."

"ராத்திரி கொசுக்கடி இருக்கிற மாதிரியா?"

ரூபினி, அங்கே தங்கிவிட்டு வந்தவர்கள் எழுதியதைப் படித்தாள். ஒருவர் ஜோங்கருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து, ராத்திரி முழுக்கக் கலகலப்பு என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ஒரே நட்சத்திரம் கொடுத்து, ராத்திரி முழுக்கக் கலகலப்பு என்று எழுதியிருந்தார். மூன்றாமவர் போன அன்று மழையாம். அதனால் மலாக்கா மொத்தத்துக்கும் ஒரு நட்சத்திரம். இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த வேலப்பன், "லோரி நிறுத்த எடம் இருக்கான்னு பாரு," என்றான்.

"வேன்ல கூட்டிட்டுப் போறாங்க. லோரியில இல்ல."

"வேனுக்கும் எடம் வேணும் லா."

பக்கிரிசாமியைக் கேட்டதற்கு, தோசை கிடைக்கிற பக்கம் போதும் என்றார். நவமணிக்குப் படுக்கையும் கதவைத் தட்ட ஒரு ஆளும் இருந்தால் போதும். லிட்டில் இந்தியா என்று இருவரும் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். நாட்டில் எல்லாம் இப்படி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டால் அலுவலகங்கள் எதற்கு?

தோட்டத்துக்குப் புதிதாக ஒரு நலன் மேம்பாட்டு அதிகாரி வந்திருந்தான். பெயர் புவனேஸ். கோலாலம்பூர்ப் பிள்ளை; மரியாதை தெரிந்தவன், கெட்டவன் இல்லை. ஆனால் எதைச் சொன்னாலும் மேடையில் சொல்வதுபோல்தான் சொல்வான். அவன் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தான். முப்பது வருடத்தில் நவமணி ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"அக்கா, அண்ணே, இது பங்கேற்பு முறையில எடுக்கப்படுற முடிவு. உங்க குரல்தான் முக்கியம்."

"லிட்டில் இந்தியா தம்பி," என்றாள் நவமணி.

"ரொம்ப நல்ல தேர்வு. முறைப்படி பதிவு பண்ணிடலாம்." புவனேஸ் திரும்பி, மூலை மேசையில் கணக்கெழுதும் கிராணி திருமாறனைப் பார்த்தான். "சார், இதுக்கு எந்த பாரம் நிரப்பணும்?"

திருமாறன் இருபத்தெட்டு வருடமாக அந்த மேசையில் இருப்பவர். துரைகள் வந்தார்கள், போனார்கள், அவர் இருந்தார். பாரம் இல்லாமல் நடந்த காரியம் நடக்காத காரியம் என்பது அவருடைய நம்பிக்கை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வட்டாரம் தேர்ந்தெடுக்க பாரம் இல்லையே."

"ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிக்கலாமே சார்?"

"வெள்ளைத் தாள்ல எழுதினா அது கடுதாசி தம்பி."

"புதுசா ஒரு பாரம் தயார் பண்ணுவோம்."

"பண்ணலாம். புது பாரம் கேக்குறதுக்கு ஒரு பாரம் இருக்கு. கேஎல் ஹெட் ஆபீஸ் போய்த் திரும்பி வர எட்டு மாசம் ஆகும். உங்க அனுபவம் டிசம்பருக்குள்ள முடியணும்னு போட்டிருக்கு."

திருமாறன் எழுந்து, இரும்பு அலமாரியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை உருவினார்.

"எடம் தேர்ந்தெடுக்க நம்மகிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். புதுநடவு நிலத் தகுதிப் படிவம். தேயிலைக் கன்னு நட எடம் பாக்கறதுக்கு."

"சார், இது செடிக்கு."

"செடியும் எடத்துலதான நிக்குது? ஆளும் எடத்துலதான தங்குறான்? எடம் எடம்தான்."

புவனேஸ் யோசித்தான். பேனாவை எடுத்தான். தோசை இனித் தொலைவு என்று பக்கிரிசாமிக்குப் புரிந்திருக்க வேண்டும், பெருமூச்சு விட்டார்.

"லிட்டில் இந்தியா," என்று ஆரம்பித்தார் திருமாறன். "கடல் மட்டத்துலேருந்து உயரம்?"

புவனேஸ் போனைப் பார்த்தான். "ஏழெட்டு மீட்டர் இருக்கும் சார்."

"ஆயிரத்துக்கு மேல இருந்தா இருபத்தஞ்சு மார்க். இதுக்கு சைபர். சரிவு?"

"சமதரை."

"சமதரையில தண்ணி நிக்கும். சைபர். வடிகால்?"

"பக்கத்துல ஆறே ஓடுது சார்."

"ஆறு ஓடுனா வேர் அழுகிப்போவும். சைபர். எடைக் கொட்டகைக்கு எவ்வளவு தூரம்?"

"எந்த எடைக் கொட்டகை?"

"கொழுந்து நிறுக்கற நம்ம கொட்டகைதான். வேற எங்க இருக்கு?"

"முன்னூறு கிலோமீட்டருக்கு மேல."

"அரைக் கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். சைபர். காட்டுப்பன்னித் தொல்லை?"

"இல்லவே இல்ல சார்," என்றான் புவனேஸ் நம்பிக்கையோடு.

"அதுக்குப் பத்து."

நூற்றுக்குப் பத்து. ஜோங்கருக்கும் பத்து. ஆற்றங்கரைக்கும் பத்து. பண்டா ஹிலிருக்கு உப்புக்காற்று என்று தனியாகக் குறிப்பெழுதிப் பத்து. ஐந்நூறு வருடத்துக்கு மேல் சரித்திரம் உள்ள நகரம், கிரேமோர் தோட்டத்து ஆபீசில் ஒரு மணி நேரத்தில் தோற்றுப்போனது.

"எல்லாம் பத்துதான்னா, ஏதோ ஒண்ண எடுத்துக்கலாமே ஐயா?" என்று நவமணி கேட்டாள்.

"பாஸ் மார்க் எழுபது நவமணி."

பக்கிரிசாமி மெல்லத் தொண்டையைச் செருமினார். "அங்க ஒரு குன்னு இருக்குன்னு கேள்வி. பழைய சர்ச்சு இருக்கற குன்னு. அதுல சரிவு இருக்குமே."

திருமாறன் அவரை மதிப்போடு பார்த்தார். சரிவுக்குப் பதினைந்து விழுந்தது. பன்றி இல்லாததற்குப் பத்து. மொத்தம் இருபத்தைந்து, மலாக்காவிலேயே முதல் இடம். ஆனால் அங்கே இருப்பது கூரையில்லாத சர்ச்சும் கல்லறைக் கற்களும்தான் என்று புவனேஸ் போனில் பார்த்துச் சொன்னான். அங்கே தங்கியவர்கள் திரும்பி வந்ததில்லை.

விஷயம் தலைமை அலுவலகத்துக்குப் போனது. பதில் மூன்றே நாளில் வந்தது. 'மேற்படிப் படிவம் நிர்வாகத்தால் முறையாக அங்கீகரிக்கப்பட்டது; ஆகவே குறை நகரத்தின்பால் இருப்பதாகவே கருதப்படுகிறது. வரலாற்றுச் சிறப்பும் எழுபது மதிப்பெண்ணும் ஒருங்கே அமைந்த வட்டாரமொன்றைக் கண்டறிந்து அனுபவத்தை நிறைவேற்றவும்.'

"அப்படி ஒரு எடம் எங்க சார் இருக்கும்?" என்றான் புவனேஸ் சோர்ந்துபோய்.

திருமாறன் அலமாரியிலிருந்து பழைய பதிவேடு ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். "ஒண்ணு இருக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தி நாலுல கட்டினது. உயரம் முழு மார்க். சரிவு முழு மார்க், போன மாசம்கூட ஒருத்தன் வழுக்கி விழுந்தான். தண்ணி நிக்காது. எடைக் கொட்டகை எண்பது அடி. பன்னி மட்டும்தான் இருக்கு. தொண்ணூறு மார்க்."

"எங்க சார்?"

"மூணாம் டிவிஷன் பழைய லயம். ஒம்பதாம் நம்பர் வீடு காலியாத்தான் கெடக்கு."

நவமணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நான் எட்டாம் நம்பர்ல இருக்கேன் ஐயா. அது என் பக்கத்து வீடு."

புவனேஸின் முகம் மலர்ந்திருந்தது. "அக்கா, இதத்தான் இப்ப எல்லாரும் தேடித் தேடிப் போறாங்க. பெரிய ஹோட்டல்ல தங்குறது பழைய ஃபேஷன். உள்ளூர் வாழ்க்கையில அப்படியே மூழ்கித் திளைக்கணும்."

"நான் முப்பது வருஷமா மூழ்கித்தான் தம்பி கெடக்கேன்."

அன்று சாயங்காலம் நவமணி கூடையை மூலையில் எறிந்தாள். கோபம் புவனேஸ்மேல் இல்லை, கிராணிமேல்கூட இல்லை. ஆசைப்பட்ட தன்மேலேயே கோபம் வந்தது. கடிகாரத்தை வாங்கி மாட்டிக்கொண்டு போயிருக்கலாம். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடலாம் என்று ரூபினியிடம் சொன்னாள்.

ரூபினி வழிகாட்டியை மறுபடி புரட்டினாள். "ம்மா, எந்த வட்டாரமா இருந்தாலும் விதியெல்லாம் ஒண்ணுதான். பதினொண்ணாம் விதிய யாரும் மாத்தல."

மறுநாள் காலையிலேயே நவமணி ஆபீசுக்குப் போய், தனக்குச் சம்மதம் என்றாள். ஒரே நிபந்தனை. புத்தகத்தில் இருப்பது ஒன்றுவிடாமல் நடக்க வேண்டும். புவனேஸ் நெகிழ்ந்துபோய் 'ஏற்பாட்டாளர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான். படித்துப் பார்க்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எட்டாம் நம்பர் வாசலில் வேன் வந்து நின்றது. அனுபவத்துக்குப் 'புறப்பாடு, பயணம், வருகை' என்று மூன்று கட்டம் உண்டு. பயணத்தை விட்டுவிட்டால் கணக்கில் சேராது. நவமணி பெட்டியோடு ஏறினாள். பக்கிரிசாமி ஏற்கெனவே உள்ளே இருந்தார். வேன் பிரிஞ்சாங் வரை இறங்கி, திரும்பிக் கியா பார்ம் பக்கம் ஏறியது. பள்ளி விடுமுறை. ஸ்ட்ராபெரி வாங்க வந்த காடிகள் மலைப்பாதை முழுக்க நின்றன. ஒரு மணி நேரம் வேன் அசையவில்லை. வளைவில் பக்கிரிசாமிக்குத் தலை சுற்றி, பிளாஸ்டிக் பை கேட்டார். பதினொன்றரைக்கு வேன், புறப்பட்ட இடத்துக்கு எட்டு அடி தள்ளி வந்து நின்றது.

"வந்து சேர்ந்துட்டோம்," என்றான் புவனேஸ். "பயணம் நல்லா இருந்துச்சா அக்கா?"

"தூரம்தான் தம்பி," என்றாள் நவமணி.

லயத்துச் சனம் முழுக்க, வீட்டு வரிசைக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடையில் நின்று வேடிக்கை பார்த்தது. வேலப்பன் தன் வாசலில் நின்று, ஊருக்குப் போய் வந்தவளைப் பார்ப்பதுபோல் கையசைத்தான். பக்கிரிசாமிக்குப் பத்தாம் நம்பரை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அவர் நேராகப் போய்ப் படுத்துவிட்டார்.

ஒன்பதாம் நம்பருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். ஒரு கட்டில், புது மெத்தை, ஜன்னலில் மண்ணெண்ணெய் விளக்கு. சுவரில் ஒரு கொழுந்துக்கூடை மாட்டி, அடியில் 'அக்காலத் தொழிலாளர் பயன்படுத்திய கருவி' என்று சீட்டு ஒட்டியிருந்தது. நவமணி கிட்டப் போய்ப் பார்த்தாள். அவளுடைய கூடைதான். புதன்கிழமை மத்தியானம் வரை அவள் முதுகில் இருந்தது.

நான்கு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வேலப்பனின் குரல் வந்தது. லயத்துச் சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறு' என்பார்கள்.

"ஏ நவமணி, சீனி டப்பா எங்க?"

நவமணி மெத்தையில் சாய்ந்துகொண்டாள். "நான் மலாக்காவுல இருக்கேன்."

"மலாக்காவுல இருந்தா சீனி எங்கன்னு மறந்துடுமா?"

"ரூபினி வந்ததும் கேளுங்க."

அன்று வேலப்பன் சீனியில்லாமல் குடித்தான். அதற்கு முன்னால், தண்ணீர் கொதித்து வற்றிப் பாத்திரம் தீய்ந்த வாசனையும் சுவர் தாண்டி வந்தது. நவமணி எழுந்து போகவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பொழுது சாயும் நேரத்தில் அஞ்சடியில் பேச்சுக்குரல். புவனேஸ் வழிகாட்டியை முதல் தடவையாக முழுசாகப் படித்திருந்தான்.

"சார், காலையில தேத்தண்ணின்னு போட்டிருக்கு. யாரு கொண்டுபோறது?"

"இங்க ஹோட்டல் ஆளு கெடையாதே," என்றார் திருமாறன். "ஏற்பாட்டாளர்னு யாரு கையெழுத்துப் போட்டது?"

"நான்தான்."

"அப்புறம் என்ன? ஆறரைக்கு. லேட்டானா எழுதித் தரணும்."

உள்ளே நவமணி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

விடிகாலை நாலரைக்கு அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. கால் தானாகக் கட்டிலைவிட்டு இறங்கியது. அதட்டி மேலே ஏற்றினாள். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தது. இது என் வீடு இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சங்கு ஊதியது. வெளியே பெரட்டுக்கு ஆள் கூடும் சத்தம். சிவசாமி கங்காணி வரிசையாகப் பெயர் வாசித்தார்.

"நவமணி?"

"மலாக்கா," என்று கூட்டத்திலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். பெரட்டே சிரித்தது. கங்காணி சிரிக்காமல் எழுதிக்கொண்டார். போர்வைக்குள் நவமணிக்கு வயிறு குலுங்கியது. முப்பது வருடத்தில் அவள் பெயருக்கு வேறொருவர் பதில் சொன்னதே இல்லை.

ஆறரைக்குக் கதவு தட்டப்பட்டது. குரங்குக் குல்லாய், கையுறை, இரண்டு ஸ்வெட்டர் எல்லாம் போட்டுக்கொண்டு புவனேஸ் தட்டோடு நின்றான். குளிரில் கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. தேத்தூள் பையின் கயிறு வெளியே தொங்கியது.

"இங்க வச்சிட்டுப் போகவா அக்கா?"

"இல்ல தம்பி. கையில குடுங்க. 'இந்தாங்க, எந்திரிங்க'ன்னு சொல்லுங்க."

அவன் கையுறையைக் கழற்றிவிட்டுக் கோப்பையை எடுத்தான். "இந்தாங்க அக்கா, எந்திரிங்க," என்றான்.

நவமணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. தேத்தண்ணி வாயில் வைக்க விளங்கவில்லை. ஆனாலும் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். ஏழரை வாக்கில் ஜன்னலில் வெயில் வந்து மெத்தைமேல் விழுந்தது. இந்த மலைக்குக் காலை வெயில் இப்படித்தான் வரும் என்பதை அவள் படுத்துக்கொண்டு பார்த்தது அன்றைக்குத்தான். இன்னொரு காலையும் அப்படியே கிடைத்தது. அந்த இரண்டு காலையும் அவள் மனதாரச் சந்தோஷமாக இருந்தாள். கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது.

மூன்றாம் நாள் புவனேஸ் இருவரிடமும் கருத்துப் படிவம் கொடுத்தான். "மனசு திறந்து எழுதுங்க. உங்க குரல்தான் முக்கியம்."

பக்கிரிசாமி விவரமானவர். எல்லாக் கேள்விக்கும் 'மிகச் சிறப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். நவமணி நம்பிவிட்டாள். தேநீர் என்ற இடத்தில் இப்படி எழுதினாள்: 'தூள் பத்தவில்லை. தண்ணீர் கொதிக்குமுன் இறக்கிவிட்டார்கள். கயிறு மூக்கில் இடித்தது. கோப்பையை முதலில் வெந்நீரில் கழுவினால் ஆறாது. கொண்டுவந்த தம்பி நல்ல பிள்ளை.'

ஆறு வாரத்தில் அடுத்த சுற்றறிக்கை வந்தது. அனுபவம் மகத்தான வெற்றி. இனி நிறுவனத்தின் எல்லாக் கிளைகளிலும் விருது பெறுகிறவர்கள் கிரேமோர் வரலாற்று வட்டாரத்திலேயே தங்குவார்கள். பின் ஒரு பத்தி: 'தேநீர் உபசரிப்பில் உள்ள குறைகளை இத்துணை நுட்பமாக உணர்ந்த ஒரே பணியாளர் திருமதி நவமணி என்பதால், விருந்தினர்களுக்கு நாள்தோறும் காலை 6.30 மணிக்குத் தேநீர் கொண்டுசெல்லும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. வருங்காலத்திலும் குறை காண்போரே அக்குறையைக் களையும் பொறுப்பை ஏற்பர்.'

இப்போது நவமணி எழுவது மூன்றரைக்கு. முதலில் வீட்டுக்கு, பிறகு ஒன்பதாம் நம்பர் முதல் பதினான்காம் நம்பர் வரை.

"கயித்தப் பத்தியெல்லாம் எதுக்கு எழுதுன?" என்றான் வேலப்பன்.

முதல் விருந்தினர் யார் என்று பார்த்தால், புவனேஸ். புதுமை படைத்த அதிகாரி என்று அவனுக்கு விருது கிடைத்திருந்தது. நவமணி தட்டோடு போனபோது போர்வைக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிந்தது.

"நான் லங்காவி கேட்டேன் அக்கா," என்றான் பரிதாபமாக.

"கடலோரமாச்சே தம்பி. சரிவு பத்தாது."

அவன் ஒரு வாய் குடித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். தேத்தண்ணி பச்சைத்தண்ணி மாதிரி இருந்தது. முப்பது வருடம் கொழுந்து எடுத்தவளுக்கு மோசமாகத் தேத்தண்ணி போடக் கை வராது. இரண்டு நாள் பழகிப் பார்த்துத்தான் போட்டிருந்தாள். பேனாவையும் கருத்துப் படிவத்தையும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மனசு திறந்து எழுதுங்க தம்பி. உங்க குரல்தான் முக்கியம்."

புவனேஸ் படிவத்தைப் பார்த்தான், கோப்பையைப் பார்த்தான். 'குறை காண்போரே' என்ற அந்த வரியைத் தலைமை அலுவலகத்துக்கு யோசனையாக எழுதி அனுப்பியவனே அவன்தான். ஒரே மூச்சில் கோப்பையைக் காலி பண்ணிவிட்டு, 'மிகச் சிறப்பு' என்று எழுதினான்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள். நவமணியும் விடுவதாக இல்லை. தினமும் தூளைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கிறாள், யாராவது ஒருவர் வாய் திறந்து ஒரு குறை எழுதிவிடமாட்டாரா என்று. போன திங்கட்கிழமை தூளே போடாமல் வெறும் வெந்நீரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த பெரியவர் அதை நிதானமாக ரசித்துக் குடித்துவிட்டு, ஐந்து நட்சத்திரம் போட்டு, அடியில் தன் கைப்பட எழுதியிருந்தார்: 'இத்தனை தெளிவான நிறம் வேறெங்கும் கண்டதில்லை.'